எண்ணெய்க் கால்

மதுரை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் அய்யாக்குட்டிக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். தென்காசியை விட்டுக் கிளம்பி, கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி என்று மலை கூடவே வருகிற வரைக்கும் கழுத்தைத் திருப்ப மாட்டான். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் எதிரே நிற்கிற அதே மலைதான். ஆனாலும் நேற்றுத்தான் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். சில மனிதர்கள் அப்படி. ஊரில் மற்றவர்கள் வேலைவெட்டியில் மறந்துபோகிற ஆச்சரியத்தையெல்லாம் மொத்தமாக இவர்கள் தலையில் கட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

"வாய மூடுங்க. கொசு போயிரப் போவுது," என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி செண்பகவல்லி.

"ஏட்டி செம்பா, அங்கன பாரு. பாதி மலைய மேகம் முழுங்கிட்டு. இன்னைக்குச் சாரல் நின்னு பெய்யும். குத்தாலத்துல தண்ணி அள்ளிக்கிட்டு விழும்."

"விழட்டும். அதுக்கு நாம என்ன செய்யணுங்கீங்க?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மதுரைக்கு எதற்காகப் போகிறோம் என்பதை மறந்துவிட்டுக் குற்றாலத்துப் பேச்சை எடுத்தது அவன் தப்பு. செண்பகவல்லி மடியில் இருந்த ஒயர்கூடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூடையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், வக்கீல் கொண்டுவரச் சொன்ன ஆதார் அட்டையும் இருந்தன.

செண்பகவல்லி காய்கறிக்காரி. விடியுமுன் பாவூர்சத்திரம் சந்தையில் சரக்கெடுத்து, பழைய ஆம்னி வண்டி ஒன்றில் ஏற்றி, கடையத்துக்கும் சுற்றிலும் உள்ள ஊர்களுக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்பாள். சின்ன வெங்காயம், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் இங்கிருந்து போகும். திரும்பி வருகிறபோது கடையத்து எலுமிச்சம்பழம் வரும். அய்யாக்குட்டி அதே சந்தையில் லோடுமேன். அவனுக்கு வண்டி ஓட்ட வராது. கற்றுக்கொடுக்கப் போனவர்கள் எல்லாம் "ரோட்டப் பாருவே, ரோட்டப் பாரும்" என்று கத்தித் தொண்டை கட்டிப்போய்த் திரும்பிவிட்டார்கள்.

அதனால் அவள் ஓட்டுவதை வேடிக்கை பார்ப்பதே அவனுக்குப் பெரிய சந்தோஷம். கடையத்துச் சந்துகளில் எதிரே லாரி வந்து நின்றால் ஆம்பிளை டிரைவர்கள் இறங்கிச் சண்டை போடுவார்கள். செண்பகவல்லி சண்டை போட மாட்டாள். ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி, ஒரு தெரு நீளத்துக்குப் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போவாள். கோலத்தின் மேல்கூடச் சக்கரம் ஏறாது. "என் பொஞ்சாதிக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு" என்று சந்தையில் சொல்லித் திரிவான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இதெல்லாம் ரெண்டு வருசத்துக்கு முந்திய கதை.

பாவூர்சத்திரம் சந்தைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆனி மாதம் குற்றாலத்தில் முதல் தண்ணீர் விழுந்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், யாவாரம் கிடந்தால் கிடக்கட்டும் என்று எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல் தண்ணீரில் நனைந்தவளுக்கு அந்த வருசம் முழுக்கக் கைகால் உளைச்சல் வராது என்பது நம்பிக்கை. வருசம் முழுக்க மூட்டையோடும் தராசோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு வேறு எந்த வைத்தியம் இருக்கிறது? நல்லெண்ணெயை முதலில் உச்சந்தலையில் வைக்க வேண்டும். அடுத்தது உள்ளங்கால். நடுவில் உள்ள உடம்புக்கெல்லாம் அப்புறம்தான்.

அந்த வருசம் தண்ணீர் விழுந்த சமயத்தில் வண்டி பாண்டியராஜின் பட்டறையில் கிடந்தது. பிரேக் லேசாக இறங்குகிறது என்று விட்டிருந்தாள். பாண்டியராஜ் கடையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன், வண்டியின் தும்மலுக்கும் இருமலுக்கும் அவள் தேடிப்போகிற ஒரே ஆள். சீசன் தொடக்கம் என்றால் பட்டறைக்கு முன்னால் வேனும் காரும் கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி குவிந்து கிடக்கும்.

"பாண்டி, முதல் தண்ணி விழுந்துட்டுலே. விடிஞ்சதும் போவணும், எனக்கு வண்டி இன்னைக்கே வேணும்."

"நாளைக்குச் சாயங்காலம் தாரனேக்கா."

"நாளைக்குச் சாயங்காலம் விழுகது ரெண்டாம் தண்ணி. அத நீ குளி."

சாயங்காலம் வண்டி வந்துவிட்டது. மறுநாள் காலையில் புருசனும் பொஞ்சாதியும் குற்றாலத்துக்குப் போனார்கள். எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கு எதிரே உட்கார்ந்து ஊறினார்கள். குளிக்கப் போகிற நேரத்தில் போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டார். மலைமேல் பெய்த மழை மொத்தமாக இறங்கி, அருவி, முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் ஒரு தண்ணீர். பேசினால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்காது. நெஞ்செலும்புக்குள் அதன் அதிர்வு கேட்கும். அய்யாக்குட்டி கைகூப்பிவிட்டான். சாமி என்று நினைத்துக் கூப்பவில்லை. கைகள் தாமாகச் சேர்ந்துவிட்டன.

எண்ணெயோடு வீட்டுக்குத் திரும்புகிற வழக்கம் குற்றாலத்தில் கிடையாது. இந்த அருவியில் விடவில்லையென்றால் அடுத்த அருவி. ஆம்பிளைகள் துண்டோடும் பெண்கள் பழைய நைட்டியோடும் எண்ணெய் வடிய வடிய அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று வண்டியில் அலைவார்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் பைத்தியம் என்பான். உள்ளூர்க்காரனுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியாது. ஐந்தருவிக்குப் போனார்கள், அங்கேயும் கயிறு கட்டியிருந்தது. பழைய அருவிக்குப் போகலாம் என்று இறக்கத்தில் திரும்பி வரும்போதுதான் அது நடந்தது.

மேகம் கொஞ்சம் விலகிற்று. மலையின் இடுக்கு ஒவ்வொன்றிலும், பெயரில்லாத அருவிகள், வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. அத்தனை அருவிகளை ஒரே நேரத்தில் அய்யாக்குட்டி பார்த்ததே இல்லை. அவன் தலையை வெளியே நீட்டி, இடது கையை ஜன்னலில் தொங்கப்போட்டு, பார்த்துக்கொண்டே இருந்தான். "யாத்தே!" என்று செண்பகவல்லி கத்தினது கேட்டது. அவன் திரும்புவதற்குள் வண்டி ஓரத்து மருத மரத்தில் மோதி நின்றிருந்தது.

அவளுக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். அவனுக்கு இடது மணிக்கட்டு நொறுங்கிப் போயிற்று. ஆப்பரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கை இருக்கிறது, மூட்டை தூக்காது.

பாண்டியராஜ் சரியாகச் செய்யவில்லை என்று அவள் சொன்னாள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, நின்ற வண்டியில் ஏறி மிதித்துப் பார்த்தார். பிரேக் கல் மாதிரி நின்றது. ஆயிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. "பிரேக் சரியாக உள்ளது" என்று அவர் எழுதிக்கொடுத்தார். இதற்கு நடுவே எவனோ ஒருவன், நெற்றியில் ரத்தமும் நைட்டி முழுக்க எண்ணெயுமாக மரத்தடியில் அவள் நின்றதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். வெயிலில்லாத அந்தப் படத்திலும் அவள் பாதங்கள் ரெண்டும் பளபளவென்று மின்னின. ஊருக்கு அது போதாதா? எண்ணெய்க் காலோடு மிதித்தாள், வழுக்கிவிட்டது, இப்போது மெக்கானிக் மேல் பழி போடுகிறாள் என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். சந்தையில் அவளுக்கு 'எண்ணெய்க்காரி' என்று பெயர் விழுந்தது.

திருநெல்வேலி நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டாள். இன்ஸ்பெக்டர் அறிக்கைக்கு எதிராக அவளிடம் ஒரு சாட்சியமும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி அருவி பார்த்துக்கொண்டிருந்த சாட்சி. மனு தள்ளுபடி ஆயிற்று. வண்டியைச் சரிசெய்து யாருக்கோ விற்றுவிட்டார்கள். செண்பகவல்லி கூடைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் கடையம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லிச் சாவியை நீட்டினால்கூட வாங்க மாட்டாள்.

தென்காசி வக்கீல் பெலிக்ஸ் நல்ல மனுஷர். விட்டுவிடுங்கள் என்றுதான் அவரும் சொன்னார். "மதுரையில மேல்முறையீடு போடலாம்மா. ஆனா புதுசா ஒண்ணும் சொல்லுததுக்கு இல்லையே." அய்யாக்குட்டியும் தலையாட்டினான். செண்பகவல்லி ஒற்றை வார்த்தைதான் சொன்னாள்: "போடுங்க." அந்த 'போடுங்க'வைக் கேட்டு அன்றைக்கு மலைத்தவன்தான், இன்னும் அவனுக்குத் தெளியவில்லை.

மதுரையில் கோர்ட்டு இருந்த கட்டிடத்தைப் பார்த்ததும் அய்யாக்குட்டிக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. சினிமாவில் வருகிற கூண்டு இல்லை, சுத்தியல் இல்லை. ஒரு ஹால், காற்றாடிகள், வரிசையாக நாற்காலிகள். உயரத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் தீர்ப்புச் சொல்கிற வயசான தலைவர் ஒருவரும், கண்ணாடி போட்ட பெண் உறுப்பினர் ஒருவரும் இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் திருமங்கலத்துக்காரர் ஒருவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி எதுக்கு வந்திருக்கீக?" என்று மெல்லக் கேட்டான்.

"மிக்ஸி," என்றார் அவர். "வாங்கி மறுநாளே நின்னு போச்சு. மாத்தித் தர மாட்டேன்னுட்டான். கீழ்க் கோர்ட்டுலயும் தள்ளிட்டாங்க. பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுத்தது. விடுவனா?"

அய்யாக்குட்டி அசந்துபோனான். ஒரு வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைபடவில்லை. அதை உட்கார்ந்து கேட்பதற்கு இந்த தேசம் ஒரு மேஜை போட்டு, ரெண்டு பெரிய மனிதர்களை உட்காரவைத்து, மேலே காற்றாடியும் போட்டுவிட்டிருக்கிறது! மிக்ஸிக்காரரைக் கூப்பிட்டார்கள். தலைவர் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் "சுவிட்சுல பிரச்சினையா, பிளேடுலயா?" என்று கேட்டார். கொலைக்கேஸ் விசாரிக்கிற மாதிரி அத்தனை கவனமாகக் கேட்டார். அய்யாக்குட்டிக்கு அருவி முன்னால் நின்ற மாதிரி இருந்தது. ஹாலின் அழுக்குச் சுவர்கள் அவன் கண்ணுக்கு இப்போது பெரிசாகத் தெரிந்தன.

பெலிக்ஸ் வக்கீல் குனிந்து செண்பகவல்லியின் காதில் சொன்னார். "அம்மா, ஒங்களையும் பாண்டியராஜையும் நேர்ல வரச் சொன்னதே கேள்வி கேக்கத்தான். எண்ணெயப் பத்திக் கேட்டா, தலையில மட்டுந்தான் வச்சேன்னு சொல்லுங்க. கால்ல இல்ல. அவ்வளவுதான். அதுக்குமேல ஒரு வார்த்த வேண்டாம்."

"போட்டோவுல தெரியுதே சார்."

"அது மழத்தண்ணின்னு நான் பேசிக்கிடுதேன்."

கடைசி வரிசையில் பாண்டியராஜ் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நகத்தில் மட்டும் கறுப்பு போகவில்லை. ரெண்டு வருசத்தில் அவன் இவர்களை எங்கே பார்த்தாலும் ரோட்டின் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். இன்றைக்கு எதிர்ச்சாரி இல்லாததால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டார்கள். பாண்டியராஜின் வக்கீல் மதுரைக்காரர், கணீரென்ற குரல். இன்ஸ்பெக்டர் அறிக்கையை வாசித்தார். அப்புறம் அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேஜைமேல் வைத்தார். "இந்தப் பாதங்களைப் பாருங்கள். எண்ணெய் சொட்டுகிறது. இந்தக் காலோடு மலை இறக்கத்தில் ஒருவர் வண்டி ஓட்டினால், அதற்கு மெக்கானிக் எப்படிப் பொறுப்பாவான்?"

ஹாலில் ரெண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அய்யாக்குட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண் உறுப்பினர் படத்தை எடுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க வாங்கம்மா. முன்னால வாங்க. அன்னைக்கு எண்ணெய் தேய்ச்சிருந்தீங்களா?"

"தேய்ச்சிருந்தேம்மா."

"எங்கெல்லாம்?"

செண்பகவல்லி பெலிக்ஸைப் பார்க்கவில்லை. "தலையில, ஒடம்புல. உள்ளங்கால்லயும்தான். எங்க ஊர்ல உள்ளங்கால்ல வைக்காம குத்தாலத்துல எறங்க மாட்டோம்."

பெலிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் காலோடயா ஓட்டுனீங்க?"

"ஆமா. வருசா வருசம் அப்பிடித்தான் ஓட்டுவேன். எல்லாரும் அப்பிடித்தான். அது தப்புன்னு ஒருநாளும் தோணல. இப்பம் தோணுது."

"அப்ப கால் வழுக்கியிருக்கலாம், இல்லையா?"

எதிர்க்கட்சி வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்தார். அய்யாக்குட்டி மனதுக்குள் 'இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு' என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"இருக்கலாம்மா," என்றாள் செண்பகவல்லி. "எனக்குத் தெரியல."

"தெரியலையா?"

"தெரியல. மிதிச்சேன். நிக்கல. கால் கீழ போயிட்டு. பெடலும் எங்கால் கூடவே கீழ போச்சா, கால் மட்டும் வழுக்கிப் போச்சா, அதுதான் தெரியல. கண்ண மூடுனா அந்த எறக்கம்தான் வருது. படுத்தபெறவும் மிதிச்சு மிதிச்சுப் பாக்குதேன். ஒருநாள் பெடல் போவுது. ஒருநாள் கால் வழுக்குது. ரெண்டும் நெசம் மாதிரியே இருக்கு."

தூக்கத்தில் அவள் வலது கால் உதைப்பது அய்யாக்குட்டிக்குத் தெரியும். நாள் முழுக்கச் சாக்கில் மடக்கி உட்காருகிறாளே, நரம்பு இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டு தைலம் வாங்கிவந்து கொடுத்தான். அவளும் வாங்கித் தடவிக்கொண்டாள். பக்கத்தில் படுத்திருக்கிறவள் தினமும் அந்த மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது ரெண்டு வருசமாக அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த வழக்கில் தலைவர் முதல்முறையாகப் பேசினார். "தெரியாதுன்னா எதுக்காகம்மா மேல்முறையீடு போட்டீங்க?"

"தெரிஞ்சுக்கிடத்தான்யா." அவள் குரல் உயரவில்லை. "சந்தையில மூட்ட தூக்குன ஆளு இவரு. இப்பம் ஒரு கூடைய ஒத்தக் கையால இழுத்துட்டு வாராரு. ஒரு நாளு ஒரு பேச்சுக்குக்கூட 'ஒன்னாலதான்'னு சொன்னதில்ல. சொல்லியிருந்தாலாவது ஆறியிருக்கும். நான் செஞ்ச தப்புன்னா தப்புன்னு நீங்க சொல்லுங்க, தலையில ஏத்துக்கிட்டுப் போயிருதேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எது ஒண்ணுன்னாலும் தாங்கிருவேன். தெரியாம இருக்கத்தான் முடியல. ஊர்ல கேட்டா சிரிக்காங்க. இங்கன வந்தா கேப்பாங்கன்னு வந்தேன்."

மிக்ஸிக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். அய்யாக்குட்டி எத்தனையோ பார்த்திருக்கிறான். ஆர்ச்சைத் தாண்டி விழுந்த அருவியைப் பார்த்திருக்கிறான். ஜெயிப்பதற்காக வந்த இடத்தில், ஜெயிக்கிற வார்த்தை நாக்கு நுனியில் இருக்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிமிர்ந்து நிற்கிற ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை. இவளோடுதான் இத்தனை வருசம் ஒரே தட்டில் பழைய சோறு தின்றோமா என்று இருந்தது.

அப்போது பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஐயா," என்றான் பாண்டியராஜ். எழுந்து நின்றிருந்தான். "ஐயா, அது அக்கா கால் இல்ல."

அவன் வக்கீல் திரும்பி, "உக்காருங்க, நான் பேசுறேன்," என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சு சொல்றீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"தெரியும்யா. பிரேக்க மிதிச்சா ஆயிலத் தள்ளுத சிலிண்டர் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ஒரு ரப்பர் வாசர். அது தேஞ்சு போயிருந்துச்சு. புதுசு மதுரையிலருந்து வரணும். சீசன் நேரம், வரல. அக்கா அன்னைக்கே வேணும்னு நின்னாங்க. நான் பழைய ரப்பரையே கழுவி மாட்டிட்டேன். ரெண்டு நாள்ல புதுசு வந்ததும் கூப்பிட்டு மாத்திக் குடுத்துரலாம்னு நெனச்சேன். மலைப்பக்கம் கொண்டு போகாதீங்கன்னு சொல்லியிருக்கணும். நாலு வண்டிக்காரன் சுத்தி நின்னு கத்துதான். சொல்லாம விட்டுட்டேன்."

"இன்ஸ்பெக்டர் மிதிச்சுப் பார்த்தப்ப பிரேக் நின்னிருக்கே?" என்றார் பெண் உறுப்பினர்.

"நிக்கும்மா. அந்த ரப்பர் ஆறிட்டா பிடிக்கும். எறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்து சூடேறுச்சுன்னா விட்டுரும், ஆயில் வெளிய வராது, உள்ளுக்குள்ளயே திரும்பிரும். பெடல் மட்டும் தரைக்குப் போயிரும். எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். வெளிய சொன்னா பட்டறைக்கு ஒருத்தனும் வர மாட்டான்னு பயந்துட்டேன். போட்டோவ வச்சு ஊரே பேசவும் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். அக்கா என்னத் திட்டுவாங்க, சண்டைக்கு வருவாங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இன்னைக்கு வந்தேன். அவங்க தன் காலையே சந்தேகப்படுதாங்க. அதுக்குமேல நான் உக்காந்திருக்க முடியாதுய்யா."

தலைவர் பேனாவைக் கையில் எடுத்தார். அவன் சொன்னதை மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதவைத்தார். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது, விவரமான உத்தரவு பின்னால் வரும் என்றார். அப்புறம், சட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னார். செண்பகவல்லியைப் பார்த்து, "அம்மா, நீங்க கேட்டதுக்குப் பதில் கிடைச்சுதா?" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் திரும்பி வந்தபோது அய்யாக்குட்டி எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. பெரியவர்கள் வந்தால் எழுந்திருப்பார்களே, அப்படி எழுந்துவிட்டான்.

வெளியே வெயில் காய்ந்தது. மதுரையில் சாரல் ஏது? பெலிக்ஸ் வக்கீல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னத நீங்க கேக்காம போனது நல்லதாப் போச்சும்மா," என்று சொல்லிவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று ஆட்டோ ஏறிவிட்டார். டீக்கடை ஓரத்தில் பெஞ்சு கிடந்தது. செண்பகவல்லி அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். ரெண்டு கால்களையும் முன்னால் நீட்டி, யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அய்யாக்குட்டி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினான். வாங்கினாள். இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

பாண்டியராஜ் கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தான். போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"ஏலே பாண்டி, இங்கன வா."

வந்தான்.

"ரெண்டு வருசம் எங்கலே போயிருந்த?"

"பயந்துட்டேன்க்கா."

"நான் மட்டும் பயப்படாமயா இருந்தேன்? எங்காலப் பாத்து நானே பயந்தேம்லே."

"மன்னிச்சிருங்கக்கா."

"அது இப்பம் வராது. வந்தா சொல்லிவிடுதேன்." அவள் கையிலிருந்த பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். "காலையில தின்னியா? இந்தா தின்னு. ஆறிப்போச்சு."

அவன் நின்றபடியே தின்றான். கண்ணீரும் மூக்கும் சேர்ந்து வடிய, மிளகாய்ப்பொடி உறைத்ததாகப் பாவனை செய்துகொண்டு தின்றான். தின்று முடித்ததும் அவள் கேட்டாள்.

"எதுல வந்த?"

"கார்லதான்க்கா. நம்ம பழைய இண்டிகா."

"பிரேக்கு எப்பிடி இருக்கு?"

"புதுசு மாட்டியிருக்குக்கா. என் பிள்ளைங்க போற வண்டி."

"சாவியக் குடு."

அய்யாக்குட்டிக்கு வாய் பிளந்துகொண்டது. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் கொசு போகும் என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியை வாங்கி, நேராகப் போய் ஓட்டுகிற கதவைத் திறந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். செருப்பை மறுபடி கழற்றித் தூரப் போட்டுவிட்டு வெறுங்காலால் பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள். எடுத்தாள். இன்னொரு மிதி. பாண்டியராஜ் வெளியே நின்று, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான். "ஏறு பின்னால," என்றாள்.

மதுரை நெரிசலில் முதலில் ரெண்டு தடவை வண்டி நின்றுபோயிற்று. ஆட்டோக்காரன் ஒருவன் திட்டிக்கொண்டே போனான். அவள் கண்டுகொள்ளவில்லை. திருமங்கலம் தாண்டிய பிறகு தோள் தளர்ந்தது. ராஜபாளையம் வரும்போது ஒரு கை கியரில், ஒரு கை ஸ்டியரிங்கில் என்று பழைய செண்பகவல்லி திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் பாண்டியராஜ் முன் இருக்கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு வளைவிலும் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வந்தான்.

"மெல்லக்கா," என்றான் ஒரு தடவை.

"வாய மூடிக்கிட்டு வாலே," என்றாள்.

சிவகிரியைத் தாண்டியதும் மலை கிட்டே வந்துவிட்டது. காற்று மாறிற்று. கண்ணாடியில் பொடிப்பொடியாகச் சாரல் விழுந்து, வைப்பர் அதை வழித்துவிட்டது. சாயங்கால வெளிச்சம் ஈரமாக இருந்தது. ஒரு சின்ன இறக்கம், அதன் முடிவில் ஒரு வளைவு. வளைந்து திரும்பினால் ரோடு முழுக்க ஆடு. ஆட்டுக்கிடைக்காரர் ஒருவர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மந்தையைக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா!" என்றான் பாண்டியராஜ். அய்யாக்குட்டி டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான்.

செண்பகவல்லி மிதித்தாள்.

வண்டி நின்றது. இழுக்காமல், ஒரு பக்கம் சாயாமல், ஆடுகளுக்கு நல்ல இடைவெளி இருக்கும்போதே நின்றது. ஒரு கிடாய் திரும்பி வண்டியைப் பார்த்துவிட்டு நடந்தது. கிடைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. ரோட்டில் ஒரு வண்டி நின்றால் அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் நொண்டிக்கொண்டு வந்த குட்டியும் கடந்து போயிற்று. ரோடு காலியாகக் கிடந்தது. பின்னால் வந்து நின்ற லாரி ஆரன் அடித்தது.

"செம்பா, ஆடெல்லாம் போயிட்டு," என்றான் அய்யாக்குட்டி.

"தெரியும்."

அவள் வண்டியை எடுக்கவில்லை. லாரிக்காரன் இந்தத் தடவை கையை எடுக்காமல் நீட்டி அடித்தான். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"அடிச்சா அடிக்கட்டும்," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் மிதிச்சுக்கிட்டு இருக்கேன்."